திருத்திய தோள்

அப்பா செத்த பதினெட்டாம் நாள் ஸ்டூடியோக்காரர் அவருக்கு ஒரு உடம்பு கொடுத்தார்.

முப்பத்தோராம் நாள் வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பார்கள். அதன் முன்பக்கத்துக்குப் படம் வேண்டும். எங்களிடம் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான். அது கழுத்தோடு முடிந்துவிடும். கலியாணப் படங்கள் இடம்பெயர்வில் போயின. பிறகு வந்த விசேஷங்களில் எல்லாரும் படத்துக்கு நிற்கும் நேரம் அப்பா பந்தலுக்குப் பின்னால் கயிறு இழுத்துக்கொண்டு நின்றிருப்பார். ஸ்டூடியோக்காரருக்கு இது புதினமில்லை.

"நல்ல உடம்பொண்டு கிடக்கு அக்கா. பட்டு வேட்டி, சால்வை. எல்லா முகத்துக்கும் பொருந்தும். கோட் போட்டதும் இருக்கு," என்றார்.

வேட்டி போதும் என்றேன். அரை மணித்தியாலத்தில், வாழ்நாள் முழுக்கத் தோட்டம் கொத்திய அப்பா அகன்ற மார்போடு, தோட்டத்துப் பக்கமே போயிராத ஒருவராகக் கணினித் திரையில் வந்து நின்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு ஒன்றுமே வரவில்லை. செத்த வீட்டில் நான் அழவில்லை என்பதை எல்லாரும் கவனித்தார்கள், நானும் கவனித்தேன். தேத்தண்ணீர் கொடுத்தால் குடித்தேன். இரு என்றால் இருந்தேன்.

கோபப்பட எனக்கு உரிமையும் இல்லை. பன்னிரண்டு வருடமாக நான் செய்வதும் அதே வேலைதான். பகலில் ஒரு அலுவலகத்தில் கோப்புகளோடு இருக்கிறேன். பின்னேரங்களில் போர்வீரர்களை வரைகிறேன், இல்லாத நாடுகளின் வீரர்களை. கொம்பு வைத்த தலைக்கவசம், காற்றில்லாமலே பறக்கும் மேலங்கி, ஆளைவிட நீளமான வாள். வரையத் தொடங்குமுன் வேறு ஓவியர்களின் படங்கள் நாலைந்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். ஒருவரிடமிருந்து கால் நிற்கும் விதம், இன்னொருவரிடமிருந்து துணியின் மடிப்பு, மற்றவரிடமிருந்து வெளிச்சம். படத்தை இணையத்தில் போடும்போது அத்தனை பேரின் பெயரையும் கீழே எழுதிவிடுவேன். அதில் நான் கறார். எழுதாதவர்களோடு சண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் பார்க்காமல் வரைய எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையை வரை என்றால் விரலை எண்ணிப் போடுவேன், அவ்வளவுதான்.

ஸ்டூடியோப் படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா.

"முகம் அவர்தான். தோள் ஆரின்ரை?"

"அது ஸ்டூடியோவிலை போட்டது அம்மா."

"உதைக் கல்வெட்டிலை போடாதை. உந்த ஆளை வீட்டிலை வைச்சுக்கொண்டு நான் இருக்கேலாது," என்று சொல்லிப் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டா.

அப்பாவின் வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் தாழ்ந்தது. இடம்பெயர்ந்த காலத்தில் சாமான் கட்டிய சைக்கிளோடு விழுந்து காறை எலும்பு முறிந்தது. வைத்துக் கட்ட ஆளில்லாமல் அது தன் பாட்டுக்குப் பொருந்திவிட்டது. புதுச் சேட்டு வாங்கினால் அம்மா முதலில் அதன் வலப்பக்கத்தைப் பிரித்துத் தைப்பா. இத்தனை வருடமும் அவ அந்தத் தோளுக்கு ஊசி பிடித்திருக்கிறா. அதை அவவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அச்சகத்துக்கு ஏழு நாள், ஒரு முழுக் கிழமை, தேவை. எனக்கு ஐந்து நாள் இருந்தது.

வரைந்து பார்த்தேன். தோள் தாழ்ந்தது என்று தெரியும். தாழ்ந்தால் கழுத்து என்ன செய்யும், மற்றத் தோள் எப்படித் தாங்கும், கை எந்த இடத்தில் தொங்கும் என்று ஒன்றும் தெரியவில்லை. முப்பத்துநாலு வருடம் அப்பாவோடு இருந்திருக்கிறேன். ஒன்பது தாள் வீணாயிற்று. ஒன்பதிலும் யாரோ வரைந்த வீரனின் உடம்பில் அப்பாவின் முகம் இருந்தது. நானும் ஸ்டூடியோக்காரரும் ஒன்றுதான். வெட்கமாக இருந்தது. அந்த மாதத்தில் நான் உணர்ந்த முதல் விசயம் அதுதான். அதுவும் கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, கிழட்டுக் காவலனின் ஞாபகம் வந்தது.

நாலு வருடத்துக்கு முன் வரைந்த படம். ஈட்டியில் சாய்ந்து நிற்கும் ஒரு வயசான கோட்டைக் காவலன். எவ்வளவு தேடியும் களைத்த ஆளின் படம் கிடைக்கவில்லை. எல்லாரும் வரைந்த வீரர்களுக்கு இருபத்தைந்து வயதுதான். கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டு, மாங்காய் பிடுங்கும் கொக்கத்தடியைக் கையில் கொடுத்து முற்றத்தில் நிற்கச் சொன்னேன். வாழ்க்கையில் ஒரு தடவை உயிருள்ள ஆளைப் பார்த்து நேரே கணினியில் வரைந்தேன்.

"எவ்வளவு நேரம் பிள்ளை நிக்கிறது?"

"இன்னும் கொஞ்சம் அப்பா."

"உவன் ஆரோடை சண்டைக்குப் போறான்?"

"அதை நான் இன்னும் யோசிக்கேல்லை."

"ஆரெண்டு தெரியாமலே ஈட்டியோடை நிக்கிறானோ. பாவம்," என்றார்.

பிறகு அவருக்குக் கவசம் போட்டு, முகத்தை மாற்றி, படத்தை ஏற்றினேன். தலைக்கவசத்துக்கு ஒருவர், இரும்புச் சட்டைக்கு ஒருவர் என்று கீழே பெயர்களை எழுதினேன். அப்பாவை எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவுமில்லை.

இரண்டு கிழமைக்குள் நாலு பேர் வந்து வலது தோள் பிழை என்று எழுதினார்கள். உடற்கூறு படிக்க வேண்டும் என்று ஒருவர் புத்தி சொன்னார். எனக்கு மானம் போனது போல இருந்தது. தோளை உயர்த்தினேன். பழையதை அழித்து அதே இடத்தில் புதியதைச் சேமித்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திருத்தியதை அப்பாவுக்குக் காட்டியபோது, "இப்ப வடிவாய் நிக்கிறான்," என்றார்.

இப்போது அந்தப் படத்தைத் திறந்தேன். தோள் நேராகத்தான் இருந்தது. முதல் படம் கணினியில் எங்கேயும் இல்லை. முற்றத்தில் நின்றதைப் புகைப்படமாகவும் எடுத்திருக்கவில்லை. கையில் சோறு காய்ந்துபோயிருந்தது.

அப்போதுதான் இன்னொருவர் நினைவுக்கு வந்தார். தென் அமெரிக்காவில் எங்கேயோ இருக்கிற ஒரு ஓவியர். நான் திருத்துவதற்கு முன்னமே என் காவலனைப் பார்த்துப் பனிநாட்டு வீரன் ஒருவனை வரைந்து, கீழே என் பெயரையும் ஒழுங்காக எழுதியிருந்தார். நான் அவருக்கு எழுதினேன்: அந்தத் தோள் பிழை, நான் திருத்திவிட்டேன், நீங்களும் திருத்துங்கள். அவர் பதில் எழுதினார்: எனக்கு அந்தத் தோள்தான் பிடித்தது, அப்படியே விடுகிறேன். எனக்குக் கடுப்பாக இருந்தது. பதில் போடவில்லை.

அவருடைய பக்கத்தைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். நூற்றுக்கணக்கான வீரர்கள். பின்னேரம் நாலு மணியளவில் கிடைத்தது. நீலத் தோல், பின்னிய தாடி, கரடித் தோல் போர்வை. முகத்தில் அப்பா இல்லை. போர்வைக்குக் கீழே வலது தோள் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. கழுத்து இடப்பக்கம் கொஞ்சம் சரிந்து அதைச் சமாளித்துக்கொண்டிருந்தது. அப்பாவின் கழுத்து சரிவானது என்பதை அந்தப் படத்தில்தான் கண்டேன்.

அதைத் திறந்து வைத்துக்கொண்டு வரைந்தேன். போர்வையை நீக்கி வெள்ளைச் சேட்டுப் போட்டேன். அடையாள அட்டை முகத்தை வைத்தபோது கழுத்து அதை ஏற்றுக்கொண்டது.

அம்மா படத்தை வாங்கித் தோளில் பெருவிரலை வைத்தா.

"ஓம்," என்றா. பிறகு, "சால்வை போடாதது நல்லது. அந்தப் பக்கத்திலை நிக்காது. எப்பிடிப் பிள்ளை உதை உவ்வளவு நினைவாய் வைச்சிருந்தனி?"

நினைவிருந்தது என்று சொல்லியிருக்கலாம்.

"நான் வைச்சிருக்கேல்லை அம்மா. நான் அழிச்சுப்போட்டன். வேறை ஒராள் வைச்சிருந்தவர்."

அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தா.

கல்வெட்டின் கடைசிப் பக்கம் எப்போதும் நன்றி நவிலல். நேரில் வந்தவர்கள், வெளிநாட்டிலிருந்து கதைத்தவர்கள், பந்தல் போட்டவர்கள், சமைத்தவர்கள். அந்தப் பட்டியலின் முடிவில், தோளைத் திருத்தாமல் வைத்திருந்தவருக்கும் என்று ஒரு வரி சேர்த்தேன். அச்சகத்தில் எழுத்துப் பிழையோ என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்து பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்த பிறகு, இணையத்தில் கிடந்த காவலனின் தோளை மறுபடி இரண்டு விரல் இறக்கினேன். கீழே இருந்த பெயர்களோடு அப்பாவின் பெயரையும் எழுதினேன்.

அடுத்த நாள் காலை முன்பின் தெரியாத ஒருவர் வந்து, வலது தோள் பிழை, திருத்துங்கள் என்று எழுதியிருந்தார். அலுவலகத்தில் என் மேசையில் இருந்து அதை வாசித்தேன். அப்போதுதான் அழுதேன்.