சகனில் தள்ளிய இறைச்சி

காத்தான்குடியில் சக ஆசிரியை பரீதாவின் மகளுக்குக் கல்யாணம். சகன் என்ற பெரிய தட்டில் நெய்ச்சோறு வைத்து, பரீதாவோடு சேர்த்து எங்கள் ஆறு பேரையும் சுற்றி உட்காரச் சொன்னார்கள். கராம்பும் ரம்பை இலையும் மணத்ததும் எனக்கு எரிச்சல் மூண்டது.

சுனாமி அப்பாவைக் கொண்டுபோன மறுநாள், பள்ளிக்கூட முகாமில் இதே மணம். எனக்கு எட்டு வயது. சகனில் சோறு கொண்டுவந்த முஸ்லிம் பெண் ஒருத்தி எங்களோடு உட்கார்ந்து தானும் ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு அதே கையால் இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளினாள். செம்புத் தண்ணீரைக்கூட அண்ணாந்துதான் குடிக்கவேண்டும் என்கிற அம்மா கத்தினாள்.

“மத்தவங்கட எச்சிலத் தின்னவாடி உயிர் தப்பி வந்தம்?”

சகனைக் கவிழ்த்துவிட்டாள். மணலில் கிடந்த சோற்றைப் பார்த்தபடி நான் பசியோடு இருந்தேன். அம்மாவை வெறுக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் ஆட்களை வெறுத்தேன்.

இப்போது பரீதாவின் விரல்களும் இறைச்சியை என் பக்கம் தள்ளின.

“இதென்ன பழக்கம் டீச்சர்?” என்றேன் வெடுக்கென்று. இத்தனை வருடத்தில் இப்போதுதான் கேட்கிறேன்.

“நல்ல துண்ட விருந்தாளிக்குத்தான் தள்ளுற. மவுத்து வீட்டுக்கும், அதான் செத்த வீட்டுக்கும், சோறு கொண்டுபோய், கூட இருந்துதான் தின்னுவம். தனிய உட்டா அவங்களுக்குச் சோறு இறங்குமா?”

இறைச்சியை எடுத்து வாயில் வைத்தேன். அன்று மணலில் கிடந்த சோற்றை நினைத்ததும் எனக்கு இறங்கவில்லை.