சாப்பாட்டில் சேராத பொங்கல்

போன மார்கழிக்கு முந்தின மார்கழி. திருச்சியில் எடமலைப்பட்டி புதூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நடந்த விஷயம் இது. வெளிநாட்டிலிருந்து டாக்டர்கள் வந்திருக்கிறார்கள், குடலிறக்கத்துக்குக் காசு வாங்காமல் ஆபரேஷன் செய்கிறார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கம் வரைக்கும் வந்து சொன்னார்கள். கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, இதில் என்ன தில்லுமுல்லு இருக்கும் என்பதுதான்.

நான் அப்படித்தான். தெருவில் ஒருத்தர் என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட எதற்கு என்று நின்று யோசிப்பேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். படிப்பு ஏறாத இடம் காலியாகக் கிடந்ததால் சந்தேகம் வந்து குடியேறிவிட்டது போலிருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு வாழைக்காய் மண்டியில் தார் ஏற்றி இறக்குகிற வேலை. அவருக்கு அடிவயிற்றில் இடது பக்கம் ஒரு வீக்கம் வந்தது. நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். ஒரு வருஷம் என்னிடமே மறைத்தார். நான் கண்டுபிடித்துக் கேட்டபோது, "படுத்தா தன்னால போயிடுதுடி" என்றார். அப்படிச் சொல்லிச் சொல்லியே எலுமிச்சம்பழ அளவில் இருந்ததை மாங்காய் அளவுக்கு வளர்த்துவிட்டார். ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஊசி போடுவதைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவர், பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பேர்ப்பட்ட வீரர்.

ஐப்பசியில் ஒரு நாள் மண்டியில் தார் தூக்கும்போது அந்த வீக்கம் வெளியே வந்து அப்படியே மாட்டிக்கொண்டது. படுத்தும் உள்ளே போகவில்லை. வாழைச் சருகு மேல் சுருண்டு கிடந்து துடித்தாராம். பக்கத்தில் ஒரு டாக்டர் மெதுவாக அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்தத் தடவை போயிடுச்சும்மா. அடுத்த தடவை மாட்டிக்கிட்டா குடல் அழுகிடும். ஆள் பிழைக்கிறதே கஷ்டம்." அன்றிலிருந்து அவர் தும்மினால்கூட ஓடிப்போய் அடிவயிற்றைப் பார்ப்பேன்.

அதனால்தான் சந்தேகத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு அவரை அந்த முகாமுக்குக் கூட்டிப் போனேன். போகிற வழியெல்லாம் பஸ்ஸில் இதே பேச்சு.

"ஏங்க, பிளேன்ல டிக்கெட் எடுத்து வந்து உங்க குடலை உள்ள தள்ளணும்னு அவங்களுக்கு என்னங்க தலையெழுத்து?"

"எனக்கென்னடி தெரியும்? வரச் சொன்னவ நீ."

"எதிர்வீட்டு அக்கா சொல்லுது, வயித்தைத் திறந்தா கிட்னியை எடுக்காம மூட மாட்டாங்களாம்."

"எடுத்துட்டுப் போகட்டும். என் கிட்னியைப் பார்த்தா அவங்களே திருப்பிக் கொண்டாந்து குடுத்துடுவாங்க."

அவருக்கு விளையாட்டு. எனக்கு உயிர்ப் பிரச்சினை.

அங்கே போனால், பெரிய டாக்டர் ஒரு வெள்ளைக்காரம்மா. என் வயசுதான் இருக்கும். நரைத்த தலையை ஆம்பிளைப் பையன் மாதிரி ஒட்ட வெட்டியிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் நிலைப்படியில் நிச்சயம் தலை இடிக்கும், அத்தனை உயரம். நம் ஊர் டாக்டர்களும் கூட இருந்தார்கள். பேச்சை மாற்றிச் சொல்ல மணப்பாறைக்காரப் பெண் ஒருத்தி நர்ஸாக இருந்தாள். அந்த டாக்டரம்மா என் வீட்டுக்காரரை நிற்க வைத்து, இருமச் சொல்லிப் பார்த்தார். மனுஷர் வேட்டியைத் தளர்த்திவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டார். இவர் கண்ணை மூடினால் அந்தம்மாவுக்குத் தெரியாது என்று நினைப்பு.

நான் நர்ஸிடம் மெதுவாகப் போட்டு வாங்கினேன்.

"ஏம்மா சிஸ்டர், இந்தக் கிட்னி எந்தப் பக்கம் இருக்கும்?"

"ரெண்டு பக்கமும் இருக்கும் பாட்டி. முதுகுப் பக்கமா. எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான். தெரிஞ்சு வச்சுக்கலாம்னு."

முகாமின் கடைசி நாள் காலையில் முதல் ஆபரேஷன் இவருக்குத்தான் என்றார்கள். அன்று ராத்திரியே அவர்கள் ஊருக்குக் கிளம்புகிறார்களாம். விட்டால் அடுத்த மார்கழிதான். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்று நர்ஸ் பத்துத் தடவை சொன்னாள். வயிற்றில் ஏதாவது இருந்தால், மயக்கத்தில் அது மேலே வந்து மூச்சுக் குழாய்க்குள் போய் உயிரே போய்விடுமாம். நான் அதையும் நம்பவில்லை. ஆளைப் பட்டினி போட்டுத் தளர வைத்தால்தானே அப்புறம் எதிர்த்துக் கேள்வி கேட்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளும் வந்தது. இவர் விடியும் முன்னே எழுந்து காவிரியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் முழுக்குப் போட்டுவிட்டு, எங்கள் தெருமுனைப் பெருமாள் கோயிலுக்கும் போய்விட்டு நெற்றியில் நாமத்தோடு வந்தார். ஆபரேஷன் பயம் என்று நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஏழு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பச்சை கவுன் மாட்டிவிட்டு, நிற்க வைத்து, இடது பக்கம் பேனாவால் அம்புக்குறி போட்டார்கள். நான் அந்த அம்பு முதுகுப் பக்கம் காட்டுகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

நர்ஸ் கேட்டாள். "தாத்தா, காலைல ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"டீ, காபி?"

"தொடவே இல்ல."

"தண்ணி?"

"பல்லு விளக்கினதோட சரி."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளத் தொடங்கினார்கள். கடைசியாக ஒரு எச்சரிக்கை சொல்லலாம் என்று நான் அவர் காதோரம் குனிந்தேன். "முழிப்பு இருந்தா முதுகுப் பக்கம் கை வைக்கிறாங்களான்னு கவனிங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் மனுஷர் ஒரு ஏப்பம் விட்டார். நெய் வாசனை. கூடவே மிளகு.

ஸ்ட்ரெச்சரோடு சேர்ந்து நடந்துகொண்டே கேட்டேன்.

"என்ன தின்னீங்க?"

"ஒண்ணும் தின்னலடி."

"மூக்கு எனக்கு நல்லாத்தான் இருக்கு. என்ன தின்னீங்க?"

"கோயில்ல பொங்கல் குடுத்தாங்க. ரெண்டு தொன்னை. பெருமாள் பிரசாதம்டி, அது சாப்பாட்டுல சேர்த்தியா?"

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அது அப்படித்தான். ஏகாதசி விரதம் இருக்கிறவர்கள்கூடக் கையில் பிரசாதம் விழுந்தால் வாயில் போட்டுக்கொண்டு, இன்றைக்கு ஒன்றும் சாப்பிடவில்லை என்பார்கள். மார்கழியில் விடிவதற்குள் தெருவுக்குத் தெரு பொங்கல். அதைச் சாப்பாடு என்று யார் கணக்கில் வைப்பார்கள்?

நான் யோசித்தேன். சொன்னால் இவரை எழுப்பி அனுப்பிவிடுவார்கள். அடுத்த மார்கழி வரைக்கும் அந்த வீக்கம் சும்மா இருக்குமா? சொல்லாவிட்டால், நர்ஸ் சொன்னது நிஜமாக இருந்தால், உள்ளே போகிற ஆள் திரும்பி வரமாட்டார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லாதடி. பெருமாள் பார்த்துப்பார்" என்றார். டீ குடிக்கப் போய் ஓடி வந்த மனுஷர், இந்தத் தடவை ஓடாமல் படுத்திருக்கிறாரே என்று எனக்கு வேறு அழுகை முட்டியது.

ஸ்ட்ரெச்சர் கதவைத் தொடுகிற நேரம். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"சிஸ்டர், நிறுத்துங்க! இவரு பொங்கல் தின்னுட்டாரு!"

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். டாக்டரம்மா வெளியே வந்தார். நர்ஸ் எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னாள். அந்தம்மா இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவர் நெற்றி நாமத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து இவர் வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். நிமிர்ந்து ஏதோ கேட்டார். நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மேடம் கேக்குறாங்க, அரிசி, பருப்பு, நெய், முந்திரி எல்லாம் போட்டதே சாப்பாடு இல்லைன்னா, உங்க ஊர்ல எதுதான் சாப்பாடுன்னு."

இவரிடமிருந்து இன்னொரு ஏப்பம்தான் பதில்.

டாக்டரம்மா அதோடு விடவில்லை. நர்ஸைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குள் போய் வரிசையாக எல்லோரையும் கேட்கச் சொன்னார். சாப்பிட்டீர்களா என்று இல்லை. கோயிலுக்குப் போனீர்களா, கையில் என்ன கொடுத்தார்கள் என்று. கொஞ்ச நேரம் எல்லோரும் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு மூலைக் கட்டிலில் மண்ணச்சநல்லூர்க்காரர் ஒருவர் மெல்லக் கையைத் தூக்கினார். "சக்கரைப் பொங்கல்தாங்க. கொஞ்சூண்டு." அவரைப் பார்த்து இன்னொரு கை. "எனக்கு சுண்டல்."

ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பாலக்கரை பாய், துபாயில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "சிஸ்டர், நம்ம வயிறு சுத்தமா காலி. இவங்கள்லாம் பொங்கலைச் செரிக்கட்டும், நான் முதல்ல போயிட்டு வரேன்." வார்டே சிரித்தது. அவர்தான் முதலில் போனார். பிரசாதக் கோஷ்டி கடைசி வரிசைக்குப் போனது. அதிலும் என் வீட்டுக்காரர் கடைசி, நெய் அதிகம் என்று. நர்ஸ் சொன்னாள், எட்டு மணி நேரமாவது போகணுமாம், இவருக்காக டாக்டர் இருப்பாராம்.

இப்போது எனக்குச் சந்தேகம் இரண்டு பங்காகிவிட்டது. மத்தியானத்தோடு வேலையை முடித்துக்கொண்டு ஸ்ரீரங்கம் கோயிலைச் சுற்றிப் பார்க்க அவர்களுக்கு வேன் சொல்லியிருந்தது. வேனும் வந்து வாசலில் நின்றது. சின்ன வயசு டாக்டர்கள் ஏறிக்கொண்டார்கள். இந்தம்மா ஏறவில்லை, கையசைத்து அனுப்பிவிட்டார். ஊர்பேர் தெரியாத ஒரு கிழவனுக்காக ஒருத்தர் கோயிலை விட்டுக்கொடுப்பாரா? அப்படி என்ன இருக்கிறது இவரிடம்? இவர் கிட்னி ஒருவேளை நிஜமாகவே உயர்ந்த சரக்கோ என்று இவரையே ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தேன்.

வேடிக்கை என்னவென்றால், இப்போது அந்தம்மாவுக்கு எங்கள் மேல் சந்தேகம். வேலைக்கு நடுவில் எப்போதெல்லாம் ஓய்வு கிடைத்ததோ, அப்போதெல்லாம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு இவர் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். இவர் வெறும் வாயை மென்றாலும் டார்ச் அடித்துப் பார்ப்பார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஒரு தடவை இவர் தலையணை அடியில் கையை விட்டதும் இரண்டு பேரும் ஒன்றாகப் பாய்ந்தோம். அங்கே வாழையிலையில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் பொங்கல்.

"இது எதுக்கு?" என்று நான் பல்லைக் கடித்தேன்.

"எனக்கில்லடி. உனக்கு எடுத்து வச்சேன். நீயும் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையே" என்றார்.

நர்ஸ் அதை டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் பொட்டலத்தை வாங்கி என் கையில் வைத்து, இப்போதே தன் கண் முன்னால் தின்று தீர்க்க வேண்டும் என்று ஜாடை காட்டினார். பட்டினி கிடக்கிற புருஷன் பார்த்துக்கொண்டிருக்க, டாக்டர் உத்தரவின் பேரில் பொங்கல் தின்றவள் திருச்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தம்மாவுக்கும் ஒரு வாய் நீட்டினேன். முதலில் மோந்தார், பிறகு மிளகை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு இவரை உள்ளே கொண்டு போனார்கள். நான் கதவுக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெஞ்சு இருந்தது. ஆனால் கதவின் அடியில் கால் நிழல் தெரிகிறதா என்று பார்க்கத் தரைதான் வசதி. கிட்னிப் பெட்டி எதுவும் வெளியே போகிறதா என்றும் ஒரு கண்.

இவரை வெளியே கொண்டு வந்தபோது பல் தந்தியடிக்கக் குளிர் நடுக்கம், ஆனால் முழித்திருந்தார். "பசிக்குதுடி" என்றார். அதைக் கேட்டதும் பாதி உயிர் வந்தது. மீதி உயிர் வர வேண்டுமே! போர்வைக்குள் கையை விட்டு முதுகைத் தடவினேன். பின்னால் வந்த டாக்டரம்மா பார்த்துவிட்டார்.

"பாட்டி, என்ன தேடறீங்க?" என்றாள் நர்ஸ்.

அதற்கு மேல் மறைத்து என்ன ஆகப் போகிறது? "கிட்னியைத்தான்" என்றேன்.

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதை மாற்றிச் சொல்லவே தயங்கினாள். அந்தம்மா வற்புறுத்திக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நர்ஸைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இவரை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்து, முதுகு முழுவதையும் காட்டினார். பிறகு மறுபக்கம். ஜவுளிக் கடைக்காரர் புடவையை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டுவாரே, அந்த மாதிரி. ஒரு கீறல் இல்லை.

அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. "எதுக்கு இவ்வளவு தூரம் வந்து இதெல்லாம் பண்றீங்கன்னு கேளும்மா" என்றேன்.

நர்ஸ் கேட்டுச் சொன்னாள். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறதாம், நின்று ஆபரேஷன் செய்தால் வலி தெரியவில்லையாம். அவ்வளவுதான் பதில். நான் என் முட்டியைத் தொட்டுக் காட்டினேன். அவர் தன் முட்டியைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் அவருக்கு வேறு வண்டி வந்தது, போய்விட்டார். கோயில் கோபுரத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

இவர் இப்போது மண்டியில் தார் தூக்குவதில்லை, உட்கார்ந்து தாரிலிருந்து சீப்பு வெட்டிக் கொடுக்கிறார். தும்மினால் நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முட்டி வலிக்காக ஒருத்தி கடல் தாண்டி வருவாளா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் ஒன்று மட்டும் நினைத்துக்கொள்வேன். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாத இரண்டு கிழவிகள், ஒருத்தியை ஒருத்தி நம்பாமல், நடுவில் கிடந்த கிழவரையும் நம்பாமல், ஒரு பகல் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு எங்களில் யாராவது ஒருத்தி, இவர் சொன்னதை நம்பித் தலையாட்டியிருந்தாலும், எனக்காகப் பொங்கலை ஒளித்து வைத்த அந்த மனுஷர் இன்று என்னோடு சண்டை போட இருந்திருக்க மாட்டார்.