பச்சைப் பட்டியலில் ஒரு பாலம்

அலுவலகத்தில் அவருக்கு மழைக்காரர் என்று பெயர். கனமழை பெய்தால் ரயில் பாதையில் எந்தப் பாலம் தாங்கும், எது தாங்காது என்று பட்டியல் போடுவது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாகப் போடுகிறார். படிக்கத்தான் ஆளில்லை.

அவர் உயிரை வாங்கியது நாற்பத்தேழாம் நம்பர் பாலம். மழைமானியைத் தினமும் காலை எட்டு மணிக்குத்தான் அளப்பார்கள். அந்தப் பக்கத்து மழையோ காலை ஆறரைக்குப் பிடித்து ஒன்பதரை வரை கொட்டித் தீர்க்கும். பாதி ஒரு நாள் கணக்கு, மீதி மறுநாள் கணக்கு. இரண்டு நாளும் சுமாரான மழை என்று ஏட்டில் ஏறிவிட, பாலம் ‘தாங்கும்’ என்கிற பச்சைப் பட்டியலில் சொகுசாக உட்கார்ந்துகொள்ளும். ஏழே முக்கால் ரயில் அதன் மேல்தான் போகிறது. நர்ஸ் வேலைக்குப் போகும் அவர் மனைவியும் அதில்தான் போகிறாள்.

"மூணு மணி நேர மழையைச் சேர்த்துப் பாருங்க சார்" என்று கரடியாகக் கத்தினார்.

"இதுவரைக்கும் அங்க என்ன ஆயிடுச்சு?" என்றார் அதிகாரி.

கடைசியில் நச்சரிப்பு தாங்காமல், அந்த மழைக்காலத்துக்கு மட்டும் பாலத்தில் ஒரு காவலாளியைப் போட்டார்கள். ஒரு நாள் காலை தண்ணீர் தண்டவாளத்துக்கு மேலேறியது. காவலாளி சிவப்புக் கொடியோடு ஓடிப்போய் ரயிலை நிறுத்தினார். அரித்துப்போன இடத்தில் ஜல்லியை மதியத்துக்குள் கொட்டி நிரப்பிவிட்டார்கள்.

அதிகாரி அறிக்கையை நீட்டினார். இறந்தவர் இல்லை, காயம் இல்லை, தடம்புரண்ட பெட்டி இல்லை.

"பாத்தீங்களா? ஒண்ணுமே ஆகல. அடுத்த வருஷம் காவலாளி வேண்டாம்."

"காவலாளி இருந்ததாலதான் சார் ஒண்ணும் ஆகல!"

"அதுக்கு இதுல இடம் இல்லையே" என்று அதிகாரி படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். மழைக்காரருக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சிடுசிடுத்தார். "அடுத்த மழைக்கு நீ பஸ்லயே போயிடு."

அவள் ஈரச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நான் பஸ்ல போறேங்க. என் பெட்டியில மட்டும் எண்பது பேரு வராங்க. அவங்ககிட்ட யாரு சொல்றது?"