நாலு விரலுக்குச் சோறு

நான் எட்டாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுபவள், பத்திரிகைக்கு எழுத வந்துவிட்டேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம், உடும்பஞ்சோலைப் பக்கம் எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில், தம்பியின் ஒன்றரை வயது மகளுக்குக் காது குத்து. தேயிலை ஃபேக்டரி ரோலரில் என் இடது கை மோதிர விரல் போனபின் நான் வேலைக்குப் போவதில்லை. தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போனால் பிள்ளை அடுத்த வீட்டில், என்னிடம்தான். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் சோறு ஊட்டி, கடைசியில் கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டுவேன். முதலில் என் கையில், பிறகு அவள் கையில். பாட்டும் நானே கட்டியதுதான்.

காது குத்தியதும் பிள்ளை வீறிட்டு அழுதது. யார் தூக்கியும் அடங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவே தரையில் உட்கார்ந்து, தேம்பிக்கொண்டே, தன் கையில் பருப்புக் கடைய ஆரம்பித்தது. விரல் விரலாக ஊட்டியது. மோதிர விரலை மட்டும் விட்டுவிட்டுச் சுண்டுவிரலுக்குப் போனது.

கம்பத்திலிருந்து வந்திருந்த அதன் பெரியம்மா கவனித்துவிட்டாள். "அடியே, ஒம் மகளுக்கு நாலு வெரலுதான் போல! யாருடி வாத்தியாரு?"

வீடே சிரித்தது. பிறகு எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

தம்பி மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. "மதினி, இனிமே நீங்க வெளையாட்டுக் காட்ட வேணாம். போன்ல பாட்டுப் போட்டா அதுவே கத்துக்கும். ஊனத்தையா பழகணும்?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முந்தானையிலிருந்து கையை வெளியே எடுத்தேன். "மிஷின்ல போன வெரலு தாயி. நான் என்ன களவாண்டா தொலைச்சேன், ஒளிச்சு வைக்க?"

"அக்கா, வந்தவங்க முன்னாடி வேணாம்" என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"வந்தவங்க முன்னாடிதானடா சிரிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, சாப்பிடாமல் என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்றுவரை எனக்கு ஆறவில்லை. அந்த வலியிலும் பிள்ளை தன்னைத் தானே தேற்றிக்கொண்டதை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. அதற்கு என் கை ஒரு கை, அவ்வளவுதான். அதைக் குறை என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது அந்தச் சிரிப்புதான் என்று நினைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

காது குத்திய மறுநாள் திங்கட்கிழமை. தம்பி மனைவி கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். வேறு ஆள் கிடையாது.