கொசுத்தேனும் சீனிப் பழியும்

தேனை விற்றுத் திட்டு வாங்குகிற தொழில் என்னுடையது.

மலைமேல் இருக்கும் கியா பார்மில் ரோட்டோரம் கடை போட்டு, ஸ்ட்ராபெரியோடு கொசுத்தேனும் விற்கிறேன். மலாய்க்காரர்கள் கெலுலுட் என்பார்கள். கொட்டத் தெரியாத, கொசு அளவுத் தேனீ. தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் பெட்டிகள் வைத்திருக்கிறார். தேயிலையைத்தான் பூக்கவே விடாமல் கிள்ளிவிடுகிறோமே! அதனால் லயத்து வீடுகளின் எலுமிச்சை, கொய்யா, பூசணிப் பூக்களை நம்பித்தான் அவற்றின் பிழைப்பு. மழை மாதங்களில் பூவும் குறைவு, பூச்சி வெளியே தலைகாட்டுவதும் குறைவு. தேன் தண்ணியாக, நாக்கைச் சுண்டும் புளிப்போடு வரும். வெயில் அடித்தால் கெட்டியாக, இனிப்பாக வரும். மழையில் “கெட்டுப்போச்சு” என்பார்கள், வெயிலில் “சீனி கலந்துட்டியா?” என்பார்கள். வானத்தை நம்பிக் கடை போட்ட சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்த பாட்டில்

விடாமல் மழை கொட்டிய ஒரு வாரம். முதல் நாள் வாங்கிப்போன கோலாலம்பூர்க்காரர் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் டக்கென்று வைத்தார். தேனா இது, புளித்த தண்ணி என்றார். கொசுத்தேன் புளிக்கத்தான் செய்யும், மழைத்தேன் இன்னும் கூடுதலாகப் புளிக்கும் என்று நானும் குரலை உயர்த்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கடைசியில் காசை வாங்கிக்கொண்டுதான் போனார்.

இந்தக் கூத்தையெல்லாம் குடையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார் மேகலா டீச்சர். ஈப்போவிலிருந்து மாற்றலாகி இங்கே தமிழ்ப் பள்ளிக்கு வந்தவர். நான் ஒதுக்கி வைத்த பாட்டிலைக் கையில் எடுத்து, “நெசமாவே அவ்வளவு புளிக்குமா அக்கா?” என்று கேட்டார். உள்ளதைச் சொல்வோம் என்று, மூஞ்சி கோணிக்கும் டீச்சர் என்றேன். அவர் பையைத் திறந்துகொண்டே சொன்னார்: “அப்ப இதையே குடுங்க.”

மண்ணு தின்கிற மனுஷன்

அடுத்த வாரம் டீச்சர் தன் அப்பாவோடு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அப்பா மாணிக்கம் அண்ணன் கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டியவர். தொண்டையில் புற்றுநோய் வந்து, கதிர்வீச்சு கொடுத்து நோயை அடக்கிவிட்டார்கள். ஆனால் நாக்கில் ருசி செத்துப்போயிற்று. கறி, மீன், பாயசம் எல்லாம் ஒன்றுதான். தட்டைத் தள்ளித் தள்ளி ஆள் பாதியாகிவிட்டார். ருசி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றாராம் டாக்டர். அதுவரை சாப்பிட வைக்க வேண்டுமே, அதுதான் டீச்சரின் கவலை. ஸ்வெட்டர் அவர் உடம்பில் தொளதொளவென்று கிடந்தது.

மழைத்தேனில் ஒரு கரண்டி நீட்டினேன். வாயில் வைத்ததும் ஒரு கண்ணை இறுக்கி மூடினார். தோள் குலுங்கியது. நான் பயந்துபோனேன், டீச்சர் சிரித்தார். ஒரு வாரமாக வீட்டில் இந்தத் தேனில் ஒரு வாய் வைத்துக்கொண்டால்தான் பின்னாலேயே கஞ்சியும் இறங்குகிறது என்றார். அண்ணன் என்னிடம் குனிந்து ஏதோ ரகசியம் மாதிரிச் சொன்னார்: “மத்ததெல்லாம் மண்ணும்மா. இது ஒண்ணுதான் நான் இருக்கேன்னு சொல்லுது.”

மலை இறங்கிய தேன்

மழைத்தேனில் தண்ணி அதிகம். பொங்கும், காற்று கட்டும். தினம் ஒருதரம் மூடியைத் தளர்த்துங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அப்பாவை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன டீச்சர், வளைவு ரோட்டில் சிந்திவிடுமே என்று மூடியை முறுக்கோ முறுக்கென்று முறுக்கிப் பின்சீட்டில் அப்பா மடியில் கொடுத்துவிட்டார். மலை இறங்க இறங்கச் சூடு. பாதி வழியில் மூடி தெறித்துக் கார் கூரையில் போய் முட்டியதாம்.

பதறிக்கொண்டு போன் செய்தார். தேன் போயிற்றே என்று நான் பதிலுக்குப் பதறினேன். டீச்சர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை: “கார் போனாப் போவுதுக்கா, அப்பா சட்டைக் கையை நக்கிக்கிட்டு வராருலா!”

நல்ல காலம் வந்த கெட்ட காலம்

வெயில் வந்தது. எலுமிச்சை பூத்தது. வெட்டிக் கவாத்து செய்யாமல் விட்ட பழைய தேயிலைக் காட்டிலும் வெள்ளை வெள்ளையாகப் பூ. தேன் பொன்னாக இறங்கியது. வருகிறவர்களெல்லாம் ஆகா ஓகோ என்றார்கள். எனக்கு மட்டும் ஒரே கவலை. அண்ணனுக்குப் புளிப்புக்கு எங்கே போவேன்? இரண்டு எலுமிச்சையைப் பிழிந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார் என் வீட்டுக்காரர். நான் பார்த்த பார்வையில் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் மழைக்காலத்தில் என்னிடம் இரண்டு பாட்டில் வாங்கியிருந்தார். அதில் மிச்சம் இருக்குமென்று ஓடினேன். பாய் ஃபிரிட்ஜைக்கூடத் திறக்கவில்லை. தலையைச் சொறிந்தபடி சொன்னார்: “கோவிச்சுக்காதம்மா, புளி தீந்துபோன அன்னைக்கி அதை மீன் கறிக்கு ஊத்திட்டேன்.”

சீனி

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் வந்து நின்றார்கள். மழைத்தேன் இல்லை அண்ணே, வெயில்தேன்தான் இருக்கிறது, உங்கள் நாக்குக்கு இது எட்டுமோ எட்டாதோ என்றேன். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. பரவாயில்லை, காட்டு என்றார் அண்ணன். கரண்டியை வாயில் வைத்தார். கண் மூடவில்லை, தோள் குலுங்கவில்லை. டீச்சர் ஸ்ட்ராபெரிப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் இன்னொரு கரண்டி கேட்டார். அதை வாயிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் சிவந்தது. லோரிக்காரக் குரல் பழையபடி எழும்பிக் கடையே அதிர்ந்தது: “ஏம்மா, உன்னைய நம்பி வந்தா சீனியைக் கலந்து வச்சிருக்கியே, இப்படி இனிக்குது!”

சீனி கலந்தவள் என்று நடுரோட்டில் பெயர் வாங்கி, அந்தச் சந்தோஷத்தில் கடையை மூடிவிட்டு அழுத தேன்காரி இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.