என் பேரில் இருந்த பாக்கியம் அக்காவின் துவக்கு

செய்தி வந்தபோது நான் மல்லாவியில் வெடிமருந்து வாங்கிக்கொண்டு நின்றேன். கடைக்கார நானா மருந்தை நிறுத்துக்கொண்டிருந்தார். நம் குடியேற்றத் திட்டத்திலிருந்து சைக்கிளில் வந்தவர் வாசலிலேயே நின்று, "பாக்கியம் அக்கா விடியப் போயிட்டா, காய்ச்சல்தான்" என்றார். நானா தராசை இறக்கி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப இனி இது ஆருக்கு?" என்று கேட்டார்.

கேட்டதில் பிழையில்லை. லைசன்ஸ் என் பேரில் இருந்தது. மருந்து வாங்கும் உரிமையும் எனக்கே. சுடுகிறவர் பாக்கியம் அக்கா. இது திட்டத்தில் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. என்னைக் கண்டால் "துவக்குக்காரர் வாறார்" என்று சிரிப்பவர்களும் நீங்கள்தான். இருந்தாலும் அவருடைய நினைவு மலருக்கு எழுத என்னைத்தான் கேட்டிருக்கிறீர்கள். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து நாமெல்லாம் வந்து காடு வெட்டிய காலம் அது. பன்றித் தொல்லைக்கென்று அக்காவின் கணவர் உத்தரவு எடுத்து, கொழும்புக்கு எழுதி, குழல் வாயால் மருந்து இடித்துச் சுடும் இடியன் துவக்கு ஒன்றுக்குரிய பாகங்களைத் தருவித்தார். பெட்டி பரந்தன் ஸ்டேசனுக்கு வந்து சேரும்போது அவர் உயிரோடு இல்லை. நான்தான் வண்டியில் ஏற்றி வந்தேன். உள்ளே சாணை பிடிக்காத இரும்புக் குழல், விசை, சுத்தியல், திருகாணிகள், படம் போட்ட ஒரு தாள். மரவேலை முழுவதும் நாமே செய்ய வேண்டும். "திருப்பி அனுப்புவம் அக்கா" என்றேன். "பெட்டி திரும்பிப் போனாப் பண்டியும் திரும்பிப் போகுமோ தம்பி?" என்று கேட்டுவிட்டு, துவக்கின் பிடிக்கு முதிரை மரக்கட்டை ஒன்று தேடித் தரச் சொன்னார்.

குழலைக் குப்பி விளக்கின் புகையில் காட்டுவார். கரி படிந்த குழலை அது பதிய வேண்டிய மரத்தில் வைத்து எடுப்பார். மரத்தில் கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவுவார். மறுபடியும் புகை, மறுபடியும் சீவல். எனக்குப் பார்த்துக்கொண்டிருக்கவே அலுப்பு வரும். "ஒரேயடியாத் தோண்டினா என்ன அக்கா?" என்றால், "மரத்துக்கு எங்க நோகுதெண்டு அதுவே சொல்லுது. நான் ஏன் அவசரப்படோணும்?" என்பார். மாரி தொடங்குமுன் குழலும் மரமும் மயிரிழை போக இடமில்லாமல் பொருந்திவிட்டன.

புதுத் துவக்கின் முதல் வெடியைக் கையில் வைத்துச் சுடக்கூடாது. வண்டிச் சில்லில் இறுகக் கட்டி, விசையில் கிணற்றுக் கயிற்றை முடிந்து, வாய்க்கால் வரம்புக்குப் பின்னால் படுத்துக்கொண்டு அக்கா இழுத்தார். நானும் பக்கத்தில் படுத்திருந்தேன். இரண்டு காதையும் பொத்தியிருந்ததால் கயிறு பிடிக்க எனக்குக் கை இருக்கவில்லை.

லைசன்ஸ் கொடுக்க ஒரு அதிகாரி வந்தார். ஊர்த் தலைமை பார்க்கும் விதானையார் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினோம். அக்கா மருந்து போட்டு, தேங்காய்த் தும்பு வைத்து, ஈயக்குண்டு இறக்கி, கோலால் இடித்து, கோலை உருவி நிலத்தில் குத்திவிட்டு, வேலிக்கட்டையில் கவிழ்த்திருந்த சிரட்டையைச் சிதறடித்தார். அதிகாரி கை தட்டினார். "கெட்டிக்காரி. வீட்டில ஆம்பிளை ஆர்?" என்று கேட்டார். "ஒருத்தருமில்லை ஐயா. நானும் மகளும்தான்." "அப்ப பக்கத்து வீட்டில?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சம்பிரதாயத்துக்கு நானும் ஒரு வெடி வைக்க வேண்டுமாம். மருந்தும் தும்பும் போட்டுக் கோலால் இடித்தேன். "தம்பி, கோல்" என்றார் அக்கா மெதுவாக. இத்தனை பேருக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை எனக்குச் சொல்லித் தருவதா? "எனக்குத் தெரியும்" என்று விசையை இழுத்தேன். உருவாமல் விட்ட கோல் குழலிலிருந்து பாய்ந்து போய் விதானையாரின் மாட்டுக்கொட்டில் கூரையில் குத்தி நின்றது. அதிகாரி கண்ணீர் வரச் சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு என் பேரில் கையெழுத்துப் போட்டார். "பறவாயில்லை, பழகுவார்" என்றார் விதானையார்.

நான் பழகவில்லை. ஒருமுறை அரசாங்கக் கச்சேரியில், "எனக்குச் சுடத் தெரியாது, அந்த அம்மாவின் பேருக்கு மாற்றித் தாருங்கோ" என்று வாய் விட்டே கேட்டேன். கிளாக்கர் நல்ல பகிடி என்று எண்ணிப் பக்கத்து மேசைக்காரருக்கும் சொன்னார். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தார்.

இதைவிடப் பெரிய வெட்கம் இறைச்சி. வேட்டையில் சுட்டவருக்கு ஒரு பங்கு, துவக்குச் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு என்பது நம் பக்கத்து முறை. நெல் பால் பிடிக்கும் காலத்தில் அக்கா காவலிருந்து பன்றி விழுத்துவார். விடிந்ததும் பின்னந்தொடை ஒன்று தேக்கிலையில் சுற்றி என் வீட்டுக்கு வந்துவிடும். வேண்டாம் என்று எத்தனை தரம் சொன்னேன்! "முறை முறைதான். துவக்கு உன்ர பேரிலையெல்லோ கிடக்கு" என்பார். மனைவி மிளகு தட்டிப் போட்டுக் கறி வைப்பாள். ருசியாகவும் இருக்கும், அதுதான் கொடுமை.

அக்காவின் எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவன்று பந்தி முடிந்ததும் விதானையார் என்னைக் கூப்பிட்டார். "துவக்கை உம்மட வீட்டை கொண்டுபோம். லைசன்ஸ்காரர் வீட்டிலதான் இருக்கோணும். குமர்ப்பிள்ளை தனிய இருக்கிற இடத்தில ஏன்?" என்றார். சபை தலையாட்டியது. அக்காவின் மகள் சரசு உள்ளே போய்த் துவக்கை எடுத்து வந்தாள். தரமுன் கோலைக் குழலுக்குள் இறக்கிப் பார்த்தாள். கோல் அடி வரை போகவில்லை.

"உள்ள மருந்து கிடக்கு மாமா. அம்மா காய்ச்சலோட காவலுக்குப் போகேக்க இடிச்சது" என்றாள்.

இடியனில் இடித்ததைச் சுட்டுத்தான் தீர்க்க வேண்டும். அப்படியே வீட்டில் வைத்திருக்க முடியாது. விதானையார் என்னைப் பார்த்தார். நான் சரசுவைப் பார்த்தேன்.

"நீ சுடு பிள்ளை. எனக்குத் தெரியாது" என்றேன்.

இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. சரசு கோலை உருவி நிலத்தில் குத்தினாள். வரம்பில் ஏறி நின்று, ஆளில்லாத வயலுக்கு மேலாகச் சுட்டாள். புகை கலையும் வரை அப்படியே நின்றாள். பிறகு இறங்கி வந்து துவக்கை என் கையில் தந்தாள்.

"பண்டி வந்தாக் கூப்பிடுங்கோ மாமா" என்றாள்.

துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். குழலில் இளஞ்சூடு இருந்தது. அக்கா தன் கையால் இடித்த கடைசி மருந்தின் சூடு. வாய்க்காலைக் கடக்குமுன் அது ஆறிவிட்டது. அவரிடமிருந்து எனக்கென்று கிடைத்தது அந்தச் சூடுதான். என் சுவரில் தொங்கும் துவக்கு சரசுவுடையது.