தாரணியின் துப்பட்டாவில் தின்னர் வாசனை

சங்கமித்ரா யாரையும் நம்பமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி பண்டிகை இனிப்பு கொடுத்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் தின்னும்வரை பொறுத்திருந்து பிறகுதான் தன் வாயில் வைப்பாள். யாராவது சிரித்துப் பேசினால், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று இரண்டு நாள் யோசிப்பாள்.

பிறவிக்குணம் இல்லை அது. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பெங்களூருக்கு வேலைக்கு வந்தவள். சொன்னதைச் சொன்னபடி நம்புகிறவளாகத்தான் இருந்தாள். ஒருமுறை தங்கை கன்னம் வீங்கி வந்து, பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். நம்பினாள். அடுத்தமுறை கைக்கட்டுடன் வந்து அதையே சொன்னாள். பாசியாக இருக்கும், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய் என்று யோசனையும் சொல்லி அனுப்பினாள். மூன்றாம் முறை தங்கை வரவில்லை. புருஷன் இரும்புக் கம்பியால் அடித்ததில் செத்துப்போனாள். தங்கையின் மகள், பதினொரு வயது தாரணி, கட்டிலுக்கடியில் கிடந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

அவன் சிறைக்குப் போனான். சங்கமித்ரா தாரணியைக் கூட்டிவந்து பீன்யா தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறை வீட்டில் வளர்த்தாள். ஆறு வருடமாயிற்று. அந்த ஆறு வருடமும் யார் எதைச் சொன்னாலும் அதன் பின்னால் வேறொன்று இருக்கும் என்றே அவள் பார்த்தாள்.

தாரணிக்கு இப்போது பதினேழு. ஐ.டி.ஐ.யில் படித்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெரியம்மாவின் சோதனை தொடங்கிவிடும். பையைக் கவிழ்ப்பாள். போனை வாங்கிப் புரட்டுவாள். துப்பட்டாவை மூக்கில் வைத்துப் பார்ப்பாள். காரணம் இருந்தது. தொழிற்பேட்டைச் சுவர்களின் பின்னால் பிள்ளைகள் பிளாஸ்டிக் கவரில் பெயிண்ட் கரைக்கும் தின்னரையும் பஞ்சர் ஒட்டும் பசையையும் ஊற்றிப் போதைக்காக மூச்சிழுப்பதை வேலைக்குப் போகும் வழியில் தினமும் பார்க்கிறவள் அவள்.

அவளுடைய பெரிய சந்தேகம் சனிக்கிழமை மேல். சனிக்கிழமைதோறும் தாரணி பிரேசர் டவுனில், ஒரு தேவாலயத்தை ஒட்டிய கூடத்துக்குப் போவாள். வீட்டில் அடிதடி, சாவு என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசும் கூட்டம் அது. நடத்துகிறவள் நிருபமா என்ற மனநல ஆலோசகர். கார் வைத்திருக்கிறவள். எதற்காக யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ சும்மா டீயும் பப்ஸும் கொடுக்கிறாள்? ஒருநாள் தாரணியின் பையிலிருந்து நோட்டீஸ் ஒன்று விழுந்தது. அதில் ஊசிப் படம், ஆணுறைப் படம்.

"இன்னாடி இது கண்றாவி?"

"எச்.ஐ.வி. வராம எப்படி இருக்கறதுன்னு போட்டிருக்கு பெரிமா."

"வராம இருக்கறதுக்கா? தெரியாததெல்லாம் தெரிஞ்சிக்கறதுக்கா?"

அதே வாரம் வியாழக்கிழமை, லீவு போட்டு இரண்டு நாள் வீட்டிலிருந்த அவளுக்குத் துப்பட்டாவில் தின்னர் வாசனை அடித்தது. மெல்லியதாக, ஆனால் தப்பாமல். சங்கமித்ரா கை ஓங்கி அறைந்துவிட்டாள். தாரணி அழவில்லை. "அது உன் வாசனை பெரிமா" என்றாள். பொய்யிலேயே கேவலமான பொய்யாகப் பட்டது அது. சனிக்கிழமைப் போக்கு அன்றோடு நிறுத்தப்பட்டது.

இரண்டு சனிக்கிழமை போயின. மூன்றாவது வாரம் புதன்கிழமை, நிருபமா போன் செய்தாள்.

"அக்கா, சனிக்கிழமை ஒரு தடவ நீங்க வரணும். தாரணியையும் கூட்டிட்டு வாங்க."

"எதுக்கு?"

"நேர்ல பேசலாம்."

போனில் சொல்ல முடியாதது என்றால் நல்லதாக இருக்குமா? மூன்று நாள் அதை மென்றுகொண்டே இருந்தாள். சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, கம்பெனியிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து தாரணியை இழுத்துக்கொண்டு மெட்ரோ ஏறி, பஸ் மாறி, சண்டைக்குத் தயாராகப் போய் இறங்கினாள்.

நிருபமா நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"உன் டீ ஒண்ணும் வேணா. எம் பொண்ணுக்கு இன்னா சொல்லிக் குடுத்து வெச்சிருக்கே நீ?"

 நிருபமாவின் மூக்கு லேசாகச் சுருங்கியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தின்னர் இழுக்கிற பழக்கம் உண்டா?"

சங்கமித்ராவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் எழுந்தேவிட்டாள். "யாரு? நானா?"

"தாரணி மேல எப்பவும் அந்த ஸ்மெல் வரும். ஆனா அவ இழுக்கிற பொண்ணாத் தெரியல. வீட்டுல யாரோ யூஸ் பண்றாங்கன்னு நெனச்சேன். இப்ப நீங்க உள்ள வந்ததுமே..."

"நான் பெயிண்ட் கம்பெனியில வேல செய்றேம்மா! கரண்ட் பாக்ஸுக்குப் பெயிண்ட் அடிக்க முன்ன, எண்ணெய் போக தின்னர் வெச்சித் தொடைக்கிறேன். பதினாலு வருசமா!"

தாரணி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று சங்கமித்ராவுக்கு நினைவில்லை.

"உன் கம்பெனி சுடிதாரும் என் துப்பட்டாவும் ஒரே பக்கெட்டுல ஊறுது பெரிமா. அன்னிக்கே சொன்னேனே."

சங்கமித்ரா தன் கையை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பதினான்கு வருடத்தில் தன் மேல் அடிக்கும் வாசனை அவளுக்கு வாசனையாகவே இல்லாமல் போயிருந்தது. அவள் தாரணியிடம் பிடித்த குற்றம் அவள் கையிலேயே இருந்தது. அவமானமாக இருந்தது, பெரிய ஆறுதலாகவும் இருந்தது. ஆறுதல் வந்த வேகத்தில் போயிற்று.

"அப்ப எதுக்கு என்னக் கூப்புட்டே?"

நிருபமா தாரணியைப் பார்த்தாள். "அத அவதான் சொல்லணும். அவ சொல்லாம நான் சொல்லமாட்டேன்."

தாரணி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கண்ணை மூடினால் கம்பிச் சத்தம் கேட்கிறது. கூடப் படிக்கும் ஒருத்தி, தூக்கம் வரும் என்று வலி மாத்திரை கொடுத்தாள். சில மாதம் விழுங்கினாள். இந்தக் கூட்டத்துக்கு வந்த பிறகு குறைத்து, நிறுத்தியும் விட்டாள். சனிக்கிழமை நின்றதும் மறுபடி தொடங்கியது. போன சனிக்கிழமை வீட்டில் தனியாக இருக்க முடியாமல் அந்தச் சிநேகிதியின் அறைக்குப் போனாள். அங்கே நான்கு பேர், ஊசி ஒன்று.

"ஒரே தடவதான் பெரிமா. அதுக்கப்புறம் நோட்டீஸ்ல இருந்தது ஞாபகம் வந்திச்சு. பயமா இருந்திச்சு. திங்கக்கெழம அக்காவுக்குப் போன் பண்ணேன்."

மாத்திரைக்கு வாசனை கிடையாது. சங்கமித்ராவின் மூக்கு காவல் காத்த வாசல் வேறு, ஆபத்து வந்த வாசல் வேறு.

"அன்னிக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன்" என்றாள் நிருபமா. "மூணு நாளுக்குள்ள தொடங்கினா எச்.ஐ.வி.யைத் தடுக்க மாத்திரை இருக்கு. ஆனா பதினெட்டு ஆகல, பெரியவங்க சம்மதம் வேணும்னாங்க. உங்ககிட்டச் சொல்லாதீங்கன்னு அழுதா. அவள நான் சம்மதிக்க வைக்கிறதுக்குள்ள நாள் தாண்டிடுச்சு. அது என் தப்பும்தான். இப்ப ரத்தம் டெஸ்ட் பண்ணணும். அதுக்கும் உங்க கையெழுத்து வேணும்."

காகிதம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. சங்கமித்ராவுக்கு இரண்டும் படிக்க வராது. நிருபமா படித்துக் காட்டினாள். சங்கமித்ரா கேட்டுவிட்டு, "நீ கொஞ்சம் வெளிய போ" என்றாள். நிருபமா போனாள். "இப்ப நீ படிடி."

தாரணி படித்தாள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சங்கமித்ரா பேனாவை அழுத்திப் பிடித்துத் தன் பெயரை எழுதினாள். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று.

திங்கட்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மதியம், இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஊசி போட்டு ஒன்பதே நாள் ஆனதால் இதை வைத்து முடிவாகச் சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்து மறுபடி வரவேண்டும் என்றார்கள்.

"வேற யார் ரத்தமோ மாறிப் போயிருக்குமா சார்? ஒரு தபா நல்லாப் பாருங்க" என்றாள் சங்கமித்ரா.

"அம்மா, நல்ல சேதி சொன்னாகூடச் சண்டைக்கு வர்றீங்களே" என்றார் அங்கிருந்தவர்.

அடுத்த சனிக்கிழமை தாரணி கூட்டத்துக்குக் கிளம்பினாள். உண்மையில் அங்கேதான் போகிறாளா? சங்கமித்ரா கூடவே கிளம்பினாள். கூடத்தின் கடைசி நாற்காலியில், யாருக்காகவோ காத்திருப்பவள் போல உட்கார்ந்தாள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வட்டமாக இருந்தார்கள். முதலில் ஒவ்வொருவரும் அந்த வாரம் எத்தனை நாள் தூங்கினோம் என்று சொல்லவேண்டுமாம். ஒருத்தி மூன்று என்றாள். ஒருவன் தோளைக் குலுக்கினான். தாரணி, "ரெண்டு. மாத்திரை இல்லாம" என்றாள். வட்டம் சுற்றி முடிந்ததும் நிருபமா கடைசி நாற்காலியைப் பார்த்தாள்.

"நீங்கக்கா?"

"நானா? எனக்கின்னா, படுத்தா தூங்கிடுவேன்."

"பொய்யி" என்றாள் தாரணி. "ராத்திரியில எந்திரிச்சி வந்து என் மூக்குக்கிட்ட வெரல வெச்சிப் பாக்குது. மூச்சு வருதான்னு. தெனமும்."

பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சங்கமித்ராவுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அடிப்பாவி" என்றாள். "அப்ப நீயும் தெனமும் முழிச்சிக்கினுதான் படுத்திருந்தியா?"

நிருபமா இன்னொரு நாற்காலியை இழுத்து வட்டத்துக்குள் போட்டாள். சங்கமித்ரா அதன் கால்கள் ஆடுகிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு, வந்து உட்கார்ந்தாள்.